அமெரிக்கப் போர்க்கப்பல்களின் பணி வரலாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி வரலாறு என்று எதைச் சொல்கிறோம்? அதை யார் எழுதுகிறார்கள்?

ஒரு போர்க்கப்பலைக் கட்டத் தொடங்கிய நாள் முதல் அது உடைக்கப்பட்டதோ, மூழ்கியதோ, அருங்காட்சியகமாக மாறியதோ அதுவரை நடந்தவற்றை நாள்வாரியாகச் சொல்லும் குறிப்பே அதன் பணி வரலாறு. அமெரிக்கக் கடற்படையைப் பொறுத்தவரை, 1959 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்த போர்க்கப்பல் அகராதி ஒன்று இதற்கு அடிப்படை நூலாக இருக்கிறது. கடற்படையின் வரலாற்றுப் பிரிவு வாஷிங்டனிலிருந்து அதைத் திருத்தியும் விரித்தும் இணையத்தில் தந்துவருகிறது. அந்த அகராதிக்கு அடியில் இருப்பவை முதல்நிலை ஆவணங்கள். கப்பலில் ஒவ்வொரு காவல் நேரத்துக்கும் எழுதப்படும் நாட்பதிவு, சண்டை முடிந்ததும் எழுதும் அறிக்கை, நீர்மூழ்கிகளாக இருந்தால் ரோந்து அறிக்கை ஆகியவை அவை. நாட்பதிவு மிக வறண்ட எழுத்து. காற்று எந்தத் திசை, வேகம் எத்தனை, யார் காவலை ஏற்றார் என்பதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இராது. ஆனால் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவுக் காவலின் பதிவை மட்டும் செய்யுளாக எழுதும் மரபு ஒன்று அமெரிக்கக் கடற்படையில் உண்டு. நங்கூரம் எங்கே கிடக்கிறது, எந்தக் கொதிகலன் எரிகிறது என்பதையெல்லாம் எதுகை வைத்துச் சொல்லும் அந்தப் பக்கங்களைத் தேடிப் படிப்பது தனிச் சுவை.

ஒரே கப்பலுக்கு ஏன் இத்தனை தேதிகள்? எதை அதன் பிறந்த நாளாகக் கொள்வது?

அடிச்சட்டம் இட்ட நாள், வெள்ளோட்டம் விட்ட நாள், படையில் சேர்த்த நாள் என்று தொடக்கத்தில் மூன்று தேதிகள் வரும். வெள்ளோட்டத்தின்போது மிதப்பது பெரும்பாலும் வெற்றுக்கூடுதான். பீரங்கிகளும் இயந்திரங்களும் பொருத்தி, மாலுமிகள் ஏறி, கொடியேற்றி, முதல் காவலை அமர்த்தும் நாளே படையில் சேரும் நாள். பெயருக்கு முன் ‘யுஎஸ்எஸ்’ (அமெரிக்கக் கப்பல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடும் உரிமை அன்றிலிருந்துதான் வருகிறது. 1907-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணை இதை ஒழுங்குபடுத்தியது.

முடிவிலும் இதே போல இரண்டு தேதிகள் இருக்கும். படைநீக்கம் என்றால் கப்பல் ஓய்வுக்குப் போனது என்று பொருள். அது திரும்பி வரலாம். பதிவேட்டிலிருந்து பெயரை அடித்த பிறகுதான் கடற்படைக்கும் கப்பலுக்கும் உள்ள கணக்கு தீர்கிறது. ஜப்பானின் சரணடைவு 1945 செப்டம்பர் 2 அன்று கையெழுத்தான மிசௌரி போர்க்கப்பல், 1955-இல் ஓய்வு பெற்று, 31 ஆண்டுகள் கட்டிக்கிடந்து, 1986-இல் மறுபடி படையில் சேர்ந்து, 1991 வளைகுடாப் போரில் சுட்டுவிட்டு, 1992-இல் இரண்டாம் முறையாக ஓய்வு பெற்றது. அதன் வரலாற்றை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் 1955-இலேயே அதை முடித்துவிடுகிறார்கள்.

ஒரே பெயரில் பல கப்பல்கள் வருகின்றனவே, எப்படிப் பிரித்தறிவது?

எண்ணைப் பாருங்கள். 1920-இல் அமெரிக்கக் கடற்படை, வகையைக் காட்டும் எழுத்துகளோடு வரிசை எண் தரும் முறையை ஏற்றது. பிபி என்றால் பெரும் போர்க்கப்பல், டிடி என்றால் நாசகாரி, எஸ்எஸ் என்றால் நீர்மூழ்கி, சிவி என்றால் விமானந்தாங்கி. பிற்பாடு அணுசக்தியில் ஓடுபவற்றுக்கு ‘என்’ சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் இந்தக் குழப்பம் வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது என்றும் சொல்லலாம். 1942 மே 8 அன்று பவளக்கடல் சண்டையில் லெக்சிங்டன் (சிவி-2) மூழ்கியது. அப்போது மாசசூசெட்ஸின் குவின்சி நகரில் ‘கேபட்’ என்ற பெயரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த புதிய விமானந்தாங்கிக்கு, அந்தக் கட்டுந்தளத்தின் தொழிலாளர்கள் வேண்டியபடி, லெக்சிங்டன் (சிவி-16) என்று பெயர் மாற்றினார்கள். யார்க்டவுன், ஹார்னெட், வாஸ்ப் ஆகிய மூன்றும் மூழ்கியபோதும் இதையே செய்தார்கள். ஆகவே 1942-இல் இறந்த கப்பல் 1944-இல் குண்டு வீசுவதாக ஒரு குறிப்பில் கண்டால், அது பிழை அன்று, அடுத்த தலைமுறைக் கப்பல்.

பெயர் மாறி, எண் மாறாத கப்பல் உண்டா?

உண்டு. எஸ்எஸ்-192 என்ற எண்ணைக் கொண்ட நீர்மூழ்கி அப்படிப்பட்டது. பணி வரலாறுகளை ஏன் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

மேய்ன் மாநிலத்தின் கிட்டரியில் உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டு, 1939 மார்ச் 1 அன்று ‘ஸ்குவாலஸ்’ என்ற பெயரில் அது படையில் சேர்ந்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மே 23 அன்று காலை, ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் தீவுகளுக்கு அருகே சோதனை முழுக்கு ஒன்றுக்காக நீருக்குள் இறங்கியது. டீசல் இயந்திரங்களுக்குக் காற்றை இழுக்கும் பெரிய வால்வு மூடிக்கொண்டதாகக் கட்டுப்பாட்டறைப் பலகையில் பச்சை விளக்குகள் எரிந்தன. ஆனால் வால்வு திறந்திருந்தது. அதன் வழியே புகுந்த கடல்நீர் பின்பகுதி அறைகளை நிரப்ப, 26 பேர் இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் உயிரோடு, சுமார் 74 மீட்டர் ஆழத்தில், கடலடியில் சிக்கினார்கள்.

அவர்களைத் தேடிப் போனது அதே தளத்தில் கட்டப்பட்ட, வரிசையில் அதற்கு முந்தைய எண்ணைக் கொண்ட ஸ்கல்பின் (எஸ்எஸ்-191). ஸ்குவாலஸ் விட்ட புகைக்குண்டைப் பார்த்து, அது மேலே அனுப்பியிருந்த அடையாள மிதவையை ஸ்கல்பின் கண்டுபிடித்தது. மிதவைக்குள் தொலைபேசி இருந்தது. மேலே இருந்த தலைவரும் கீழே இருந்த தலைவரும் சில சொற்கள் பேசிக்கொண்ட பிறகு, அலையில் கம்பி அறுந்துபோனது. மறுநாள், நீர்மூழ்கி மீட்பில் வல்லவரான கடற்படை அதிகாரி சார்ல்ஸ் மாம்சென் வழிகாட்ட, ஃபால்கன் என்ற மீட்புக் கப்பலிலிருந்து மணி வடிவ இரும்புக் கூண்டு ஒன்றை இறக்கி, நான்கு நடையில் 33 பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். கடைசி நடையில் கம்பி பிரிந்து, கூண்டு பாதி வழியில் நின்றுவிட, நள்ளிரவு கடந்துதான் அது மேலே வந்தது. அவ்வளவு ஆழத்தில் மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து இப்படி ஆட்களை மீட்டது அதுவே முதல் முறை.

கப்பலையும் விடவில்லை. ஜூலையில் தூக்க முயன்றபோது முகப்பு நீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பி, கட்டுகளை உதறிவிட்டு மறுபடி மூழ்கியது. செப்டம்பரில் அதைத் தளத்துக்கு இழுத்துவந்து பழுது நீக்கி, 1940-இல் ‘செயில்ஃபிஷ்’ என்ற புதுப் பெயரில் படையில் சேர்த்தார்கள். இரு பெயர்களையும் கலந்து ‘ஸ்குவெயில்ஃபிஷ்’ என்று மாலுமிகள் அதைக் கேலியாக அழைத்ததும் உண்டு.

இனி ஸ்கல்பினின் பக்கத்தைப் புரட்ட வேண்டும். 1943 நவம்பர் 19 அன்று, பசிபிக்கில் ஜப்பானியத் தளமாக இருந்த டிரக் தீவுக்கு அப்பால் யமகுமோ என்ற ஜப்பானிய நாசகாரியிடம் அது சிக்கியது. ஆழமானி பழுதுபட்டிருந்ததால் எதிரியின் கண்முன்னே மேலே எழும்பிவிட்ட அந்த நீர்மூழ்கி, ஆழ்வெடிகளில் நொறுங்கி, இறுதியில் நீர்மட்டத்துக்கு வந்து பீரங்கிச் சண்டை போட்டது. அதில் இருந்த கேப்டன் ஜான் கிராம்வெல், கில்பர்ட் தீவுத் தாக்குதல் திட்டத்தையும், ஜப்பானியரின் ரகசியச் செய்திகள் படிக்கப்படுவதையும் அறிந்தவர். சிறைப்பட்டால் சித்திரவதையில் வாய் திறக்க நேரலாம் என்று கருதி, கப்பலோடு தாமும் மூழ்கினார். பிடிபட்டு டிரக்குக்குக் கொண்டுபோகப்பட்ட 41 பேரில் 21 பேரை ‘சூயோ’ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியில் ஏற்றினார்கள். டிசம்பர் 4 அன்று, புயலுக்கு நடுவே, ஜப்பானியக் கரையை நெருங்கிக்கொண்டிருந்த சூயோவை ஓர் அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. கைதிகளில் ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

அந்த நீர்மூழ்கி செயில்ஃபிஷ். தன்னைக் கண்டுபிடித்துக் காப்பாற்றிய கப்பலின் ஆட்களைத்தான் கொல்கிறோம் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. செயில்ஃபிஷின் வரலாற்றை மட்டும் படித்தால் அந்த நாள் அதன் மிகப் பெரிய வெற்றி. ஸ்கல்பினுடையதைப் படித்தால் அதே நாள் துக்க நாள்.

‘போர் ரோந்து’ என்ற கணக்கு எதைக் குறிக்கிறது?

தளத்தை விட்டுப் புறப்பட்டு, ஒதுக்கப்பட்ட கடற்பகுதியில் வேட்டையாடித் திரும்புவது ஒரு ரோந்து. பசிபிக்கில் பெரும்பாலும் 40 முதல் 60 நாள் பிடிக்கும். செயில்ஃபிஷ் 12 ரோந்துகளை முடித்தது.

மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுவது ஏன்?

நள்ளிரவில் பெரிஸ்கோப் வழியாகச் சில வினாடிகள் பார்த்து, டார்பிடோவை எய்து, ஆழ்வெடிக்குப் பயந்து உடனே ஆழத்துக்கு ஓடும் ஒருவர், எதிரிக் கப்பலின் டன் எடையை எப்படிச் சரியாகச் சொல்வார்? வெடிச்சத்தம் கேட்டால் மூழ்கியதாக எழுதுவார். சின்னக் கப்பலைப் பெரிதாக எழுதுவார். இது பொய் அன்று, பார்வையின் எல்லை. போருக்குப் பிறகு, தரைப்படையும் கடற்படையும் சேர்ந்த மதிப்பீட்டுக் குழு ஒன்று ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டு 1947-இல் அறிக்கை தந்தது. பலரது கணக்கு பாதியாகச் சரிந்தது.

ரிச்சர்ட் ஓ’கேன் தலைமையில் ஐந்தே ரோந்துகள் போன டாங் (எஸ்எஸ்-306) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் அதற்கு எழுதப்பட்ட கணக்கு 31 கப்பல்கள், 2,27,800 டன். குழு ஒப்புக்கொண்டது 24 கப்பல்கள், 93,824 டன். பிற்கால ஆய்வில் அது 33 கப்பல்கள், 1,16,454 டன் என்று திருத்தப்பட்டது. மூன்று எண்களும் அச்சில் உலவுகின்றன. எந்த எண்ணை யார் எப்போது சொன்னார் என்று குறிப்பிடாத நூலை நான் நம்புவதில்லை.

டாங்கின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1944 அக்டோபர் 25 அதிகாலையில், தைவான் நீரிணையில் தன் 24-ஆவதும் கடைசியுமான டார்பிடோவை அது எய்தது. அந்த டார்பிடோ நேராக ஓடாமல் இடப்பக்கம் வளைந்து, வட்டமடித்துத் திரும்பி வந்து, டாங்கின் பின்பகுதியிலேயே மோதியது. 78 பேர் இறந்தார்கள். மேல்தளத்திலிருந்து கடலில் விழுந்த ஓ’கேன் உள்பட 9 பேர் பிழைத்து ஜப்பானியரிடம் கைதானார்கள். அவர்களில் சிலர், சுமார் 55 மீட்டர் ஆழத்திலிருந்து மாம்சென் வடிவமைத்த மூச்சுப்பையை மாட்டிக்கொண்டு மேலே வந்தவர்கள்.

தொடக்க ரோந்துகளில் ‘வெடிக்கவில்லை’ என்ற சொல் அடிக்கடி வருகிறதே?

குறை மாலுமிகளிடம் இல்லை, மார்க் 14 டார்பிடோவிடம் இருந்தது. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோளாறுகள். குறித்த ஆழத்துக்குக் கீழே சுமார் மூன்று மீட்டர் தாழ்ந்து ஓடியது. காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய கருவி முன்கூட்டியே வெடித்தது, அல்லது வெடிக்கவே இல்லை. மோதினால் வெடிக்க வேண்டிய ஊசி, நேராக மோதினால் வளைந்து மாட்டிக்கொண்டது.

மூன்றாவதை அம்பலப்படுத்தியது டினோசா என்ற நீர்மூழ்கி. 1943 ஜூலை 24 அன்று, டோனன் மாரு எண் 3 என்ற பெரும் எண்ணெய்க் கப்பலை அது அடித்து நிறுத்திவிட்டது. நகர முடியாமல் நின்ற இலக்கு, நேர்க்கோணம், நெருக்கமான தூரம். பாடப்புத்தகத்தில் வரைவது போன்ற வாய்ப்பு. அடுத்தடுத்து எய்த டார்பிடோக்கள் மோதிய சத்தம் கேட்டது, வெடிச்சத்தம் கேட்கவில்லை. 15 டார்பிடோக்களைச் செலவழித்த தலைவர் டாஸ்பிட், மிஞ்சிய ஒன்றை எய்யாமல், பிரித்துப் பார்க்கட்டும் என்று பேர்ல் ஹார்பருக்கே கொண்டுவந்தார். அங்கே பசிபிக் நீர்மூழ்கிப் படையின் தலைவர் அட்மிரல் லாக்வுட்டின் ஆட்கள் ஹவாயின் கஹூலாவி தீவுப் பாறைமீது டார்பிடோக்களை எய்தும், உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டும் பார்த்து, ஊசியின் குறையை உறுதிசெய்தார்கள். எடை குறைந்த ஊசியைத் தளத்திலேயே கடைந்து பொருத்தியபோது போர் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1942-ஆம் ஆண்டு ரோந்து அறிக்கைகளில் ‘தவறியது’ என்று தலைவர்மேல் போடப்பட்ட பழிகளை இதை மனத்தில் வைத்துப் படிப்பதே நியாயம்.

‘திரும்பவில்லை, மூழ்கியதாகக் கருதப்படுகிறது’ என்று முடியும் வரலாறுகள் அப்படியே நின்றுவிடுமா?

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளையும், அவற்றோடு சுமார் 3,500 பேரையும் இழந்தது. பலவற்றின் கடைசி வரி இதுவே. ஆனால் வரி மாறுவதும் உண்டு. 1944 பிப்ரவரியில், தன் பத்தாவது ரோந்தில் மறைந்த கிரேபேக் (எஸ்எஸ்-208) எங்கே கிடக்கிறது என்பது பற்றிப் போருக்குப் பின் கடற்படை குறித்த இடம் தவறாக இருந்தது. ஜப்பானிய ஆவணத்தை மொழிபெயர்த்தபோது நெட்டாங்கில் ஒரே ஓர் இலக்கம் பிழையாகப் போயிற்று. அதனால் இடம் நூறு மைலுக்கு மேல் தள்ளிப்போனது. ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் சசெபோ தளத்தின் பழைய வானொலிச் செய்தியை மூலத்திலேயே படித்துப் பிழையைக் கண்டார். 2019-இல் ஒக்கினாவாவுக்குத் தெற்கே, 80 பேரோடு மூழ்கிய கப்பல் கிடைத்தது.

இண்டியானாபோலிஸ் என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலில் இறந்தவர் எண்ணிக்கையும் இப்படி மாறியதா?

ஆம். அணுகுண்டின் பாகங்களை 1945 ஜூலை 26 அன்று டினியன் தீவில் இறக்கிவிட்டு, பிறகு பிலிப்பைன்ஸை நோக்கிச் சென்றுகொண்டிருந்த இண்டியானாபோலிஸை, ஜூலை 30 நள்ளிரவு கடந்ததும் ஐ-58 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. தண்ணீரில் தத்தளித்தவர்களை ஆகஸ்ட் 2 அன்று ரோந்து விமானம் ஒன்று தற்செயலாகக் காணும்வரை அவர்களை யாரும் தேடவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 1,196 பேர், பிழைத்தவர்கள் 317 பேர் என்று பல பத்தாண்டுகள் அச்சானது. 2018-இல் கடற்படை அதை 1,195, 316 என்று திருத்தியது. கடைசிப் பயணத்துக்கு முன்பே மாற்றலாகிக் கப்பலை விட்டிறங்கிய ரேடியோ டெக்னீஷியன் ஒருவர், எழுத்தர் பிழையால் பட்டியலில் தங்கி, பிழைத்தவராகவும் எண்ணப்பட்டிருந்தார்.

மூழ்கிய இடத்தைக் கண்ட விதமும் கவனிக்கத்தக்கது. கப்பலின் சொந்த நாட்பதிவு கப்பலோடு போய்விட்டது. ஆனால் தாக்குதலுக்குச் சுமார் 11 மணி நேரத்துக்கு முன் எல்எஸ்டி-779 என்ற தரையிறக்கு கப்பலை அது கடந்து சென்றதை, கடற்படையின் வரலாற்றாய்வாளர் ஒருவர் பிற கப்பலின் ஆவணங்களிலிருந்து உறுதிசெய்தார். தேடும் பரப்பு அதனால் மாறியது. 2017 ஆகஸ்ட் 19 அன்று, சுமார் 5,500 மீட்டர் ஆழத்தில் அது கிடைத்தது. கப்பல் மூழ்கியதற்காகக் குற்றம் சுமத்தப்பட்ட அதன் தலைவர் கேப்டன் மெக்வே அதற்குப் பொறுப்பல்ல என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2000-த்தில் தீர்மானம் நிறைவேற்றியது. அவர் 1968-லேயே தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

‘போர் நட்சத்திரங்கள்’ வீரத்துக்கான பதக்கமா?

இல்லை. குறிப்பிட்ட சண்டையிலோ நடவடிக்கையிலோ கப்பல் பங்கேற்றது என்பதற்கான அடையாளம் மட்டுமே. இரண்டாம் உலகப் போரில் எண்டர்பிரைஸ் (சிவி-6) பெற்ற 20 தான் மிக அதிகம். அதை நினைவுச்சின்னமாக்க எடுத்த முயற்சிகளுக்குப் பணம் சேராததால், 1958-இல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.

அமைதிக்காலத்தில் மூழ்கிய அணு நீர்மூழ்கிகள் எத்தனை?

இரண்டு. த்ரெஷர், 1963 ஏப்ரல் 10, 129 பேர். ஸ்கார்பியன், 1968 மே, 99 பேர். த்ரெஷரில் குழாய் இணைப்பு ஒன்று விட்டு நீர் புகுந்து, அணு உலை நின்று, மேலே எழும்புவதற்கான அழுத்தக் காற்றின் வழியைப் பனிக்கட்டி அடைத்ததாகக் கருதப்படுகிறது. அதன்பின் வந்த கடுமையான பாதுகாப்புச் சான்று முறையின்படி தேறிய எந்த அமெரிக்க நீர்மூழ்கியும் இதுவரை மூழ்கவில்லை. ஸ்கார்பியன் அந்தச் சான்றைப் பெறாத கப்பல்.

ஓய்வு பெற்ற கப்பல்கள் கடைசியில் என்ன ஆகின்றன?

பெரும்பாலானவை உடைக்கப்படுகின்றன. ஒரிஸ்கனி விமானந்தாங்கியை 2006-இல் புளோரிடாவின் பென்சகோலா அருகே மீன்கள் அண்டும் செயற்கைப் பாறைத்திட்டாக மூழ்கடித்தார்கள். அணு நீர்மூழ்கிகளை வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டனில் வெட்டி, உலைப்பகுதியை மட்டும் ஹான்ஃபோர்டில் புதைக்கிறார்கள். 1958 ஆகஸ்ட் 3 அன்று வடதுருவத்தின் அடியில் கடந்த நாட்டிலஸ் மட்டும் விதிவிலக்காக, கனெக்டிகட்டின் கிராட்டனில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

வேறு கொடியின் கீழ் இரண்டாம் வாழ்வு வாழ்ந்தவையும் உண்டு. பேர்ல் ஹார்பர் தாக்குதலில் கீறலின்றித் தப்பிய ஃபீனிக்ஸ் குரூசர், 1951-இல் அர்ஜென்டினாவுக்குப் போய், பிற்பாடு ‘ஹெனரல் பெல்கிரானோ’ என்று பெயர் மாறி, 1982 மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி கான்கரரால் 323 பேரோடு மூழ்கடிக்கப்பட்டது.

இந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிய கடலில் இந்தக் கப்பல்களுக்கு வேலை இருந்ததா?

மூன்று இடங்களைச் சொல்லலாம். 1944 மார்ச் 31 அன்று சரடோகா விமானந்தாங்கி திருகோணமலைக்கு வந்து, பிரிட்டிஷ் இல்லஸ்ட்ரியஸோடு சேர்ந்து ஏப்ரல் 19 அன்று சுமத்ரா அருகே சபாங்கைத் தாக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பசிபிக்கின் பிகினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையில் இலக்காக வைக்கப்பட்டு மூழ்கியது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், அதே பெயரில் பிற்பாடு வந்த அணுசக்தி விமானந்தாங்கி எண்டர்பிரைஸ் வங்கக்கடலுக்குள் நுழைந்தது. இந்திய நினைவில் அது இன்றும் மிரட்டல்தான். அமெரிக்கக் குறிப்புகளில் சில வரிகளோடு கடந்துபோகிறது.

மூன்றாவது, டிரெண்டன். 1971-இல் படையில் சேர்ந்த இந்தத் தரையிறக்கு கப்பலும் குவாம் என்ற மற்றொரு கப்பலும், 1991 ஜனவரியில் சோமாலியாவின் மொகதிஷு தூதரகத்தில் சிக்கியவர்களை மீட்டன. டிரெண்டனிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் பறந்து போயின. 2006-இல் லெபனானிலிருந்தும் அது ஆட்களை ஏற்றிவந்தது. 2007 ஜனவரி 17 அன்று படைநீக்கம் செய்யப்பட்டு அன்றே இந்தியாவுக்குக் கைமாறியது என்ற வரியோடு அதன் அமெரிக்க வரலாறு நின்றுவிடுகிறது. விசாகப்பட்டினத்தைத் தளமாகக் கொண்ட ஐஎன்எஸ் ஜலஷ்வா அதுதான். கொரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020 ஜூன் 2 அன்று, கொழும்பில் சிக்கியிருந்த சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து மாலத்தீவிலிருந்து மறுபடி அங்கேயே வந்தது.